முகப்புத் தரை போடும் தம்பிக்கு வேலை எங்கிருந்து வரும்?

வணக்கம் அம்மா. சிவில் டிப்ளமோ முடித்த மகன் சம்பள வேலையை விட்டுவிட்டு ஈரக் கான்கிரீட்டில் அச்சு அழுத்திக் கல், ஓடு போல வடிவம் பதிக்கும் ஸ்டாம்ப் கான்கிரீட் தொழிலில் இறங்கிவிட்டார், எட்டு மாதத்தில் மூன்றே வேலை, மறுபடி கம்பெனிக்கே போகச் சொல்லட்டுமா என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் ஓராண்டு பொறுங்கள். போன வாரம் தம்பியிடம் நெடுநேரம் பேசினேன். தொழில் கையில் இருக்கிறது. வெயில் ஏறினால் கான்கிரீட் சீக்கிரம் இறுகி அச்சு பதியாது என்பதால் விடியற்காலையிலேயே கலவையை இறக்கிவிடுகிறார். அந்தப் பக்குவம் வந்துவிட்டது.

குறை வேறு இடத்தில். அவர் வீட்டுக்காரர்களைத் தேடி அலைகிறார். வீட்டுக்காரருக்கு முகப்புத் தரை நினைவுக்கு வருவதே பெயிண்ட் அடிக்கும்போதுதான். கார் ஏறும் தரைக்கு நான்கு அங்குலக் கனமாவது வேண்டும். கேட், வாசற்படி, மழைநீர் ஓடும் வாட்டம் எல்லாவற்றிலும் பெயிண்டுக்கு வெகு முன்பே அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். அந்த மட்டத்தை முடிவு செய்பவர்கள் இன்ஜினியரும் மேஸ்திரியும். தம்பி பழக வேண்டியது அவர்களோடு.

கார்டை நீட்டினால் பழக்கம் வராது. தம்பி எனக்குப் போனில் படங்கள் காட்டினார், அழகாகத்தான் இருந்தன. ஆனால் முப்பது வருடம் கரணை பிடித்த மேஸ்திரி படத்தை நம்ப மாட்டார். ஓரடிச் சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு வார்த்து, பாதிக்கு மட்டும் சீலர் என்ற பாதுகாப்புப் பூச்சு அடித்து வண்டியில் வைத்துக்கொள்ளட்டும். மேஸ்திரி அதைக் கட்டைவிரலால் தேய்ப்பார், தண்ணீர் விட்டு வழுக்குகிறதா என்று பார்ப்பார், சாவியால் கீறுவார். கீறட்டும். அந்தப் பத்து நிமிடம்தான் அறிமுகம்.

மேஸ்திரிக்குக் கமிஷன் கொடுப்பதா என்று தம்பி தயங்கினார். கலவை கொட்டவும் மட்டம் பிடிக்கவும் மேஸ்திரியின் ஆட்களையே நாள் கூலிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். நிறம், அச்சு, சீலர் மட்டும் தம்பி கையில் இருந்தால் போதும். வெளியாள் வந்து பிழைப்பைப் பிடுங்கிவிட்டான் என்ற கசப்பு வராது. அடுத்த வீட்டில் மேஸ்திரியே பேச்சை எடுப்பார்.

கான்கிரீட்டைக் கலந்தே அனுப்பும் ரெடிமிக்ஸ் ஆலையில் வண்டி அனுப்புகிறவருக்கும் நர்சரிக்காரருக்கும் எந்தத் தெருவில் வேலை நடக்கிறது என்று தெரியும். அவர்களோடும் பழகட்டும். கட்டுமானத் தொழில் செய்பவர்களின் சங்கமான பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவின் உள்ளூர்க் கூட்டங்களுக்கும், கோவை கொடிசியா வளாகத்துக் கட்டுமானக் கண்காட்சிகளுக்கும் போகலாம். ஸ்டால் எடுக்க இப்போது அவசரமில்லை.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது இதுதான். தரை போட்ட மூன்று வீடுகளுக்கும் முதல் மழை முடிந்ததும் போய்ப் பார்த்தாரா என்று கேட்டேன். இல்லை என்றார். புதுக் கான்கிரீட்டில் வெள்ளையாக உப்புப் பூக்கலாம், மெல்லிய விரிசல் ஓடலாம். விரிசலே வராது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. வரும் விரிசல் அந்தக் கோட்டோடு ஓடட்டும் என்றுதான் இடையில் வெட்டுக்கோடு போடுகிறோம் என்பதை மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதிவிட வேண்டும். சீலரை இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். அந்தச் சாக்கில் போய் நின்றாலே பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சொந்தக்காரர்களிடம் ‘என் மகன் சும்மாவே போட்டுத் தருவான்’ என்று சொல்லிவிடாதீர்கள். நியாயமான விலைக்குப் போடட்டும், இன்ஜினியர்களை அழைத்து வந்து காட்ட அனுமதி மட்டும் கேளுங்கள். புது அச்சுகள் வாங்க நகையை அடகு வைப்பதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அம்மா, கையில் உள்ள இரண்டு வடிவங்களே முதல் பத்து வீட்டுக்குப் போதும். அடுத்த மாதம் தம்பி வரும்போது, பார்த்த மேஸ்திரிகளின் பெயரும் தேதியும் எழுதிய நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள்.