கியர்பாக்ஸ் பேண்டை முறுக்குவதற்கு முன் பேண்டு இருக்கிறதா என்று பாருங்கள்

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள லாரி, பிக்கப் வண்டிகளில் வழக்கமான சர்வீஸின்போது பேண்டுகளையும் அட்ஜஸ்ட் செய்ய வேண்டுமா? ஒரு மெக்கானிக் கட்டாயம் என்கிறார், இன்னொருவர் தொடவே கூடாது என்கிறார்.

இரண்டு பேரும் அவரவர் கைக்கு வந்த வண்டிகளை வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். நான் சவூதியில் தம்மாமில் 14 ஆண்டுகள் அமெரிக்க பிக்கப் வண்டிகளின் கியர்பாக்ஸ் வேலை பார்த்தேன். இப்போது புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில், லாரி முனையத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். அங்கே வாரம் தவறாமல் பேண்டு அட்ஜஸ்ட் செய்தவன், இங்கே வந்த பிறகு ஆண்டுக்கு ஒரு முறை செய்வதே அபூர்வம். வேலையை நான் மறந்துவிடவில்லை. இங்கே ஓடும் வண்டிகளில் முறுக்குவதற்குத் திருகே இல்லை.

பேண்டு என்பது உள்பக்கம் லைனிங் ஒட்டிய ஒரு எஃகுப் பட்டை. கியர்பாக்ஸுக்குள் சுழலும் டிரம்மைச் சுற்றி அது தொடாமல் கிடக்கும். குறிப்பிட்ட கியர் விழ வேண்டிய நேரத்தில் ஆயில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, பட்டை இறுகி டிரம்மைப் பிடித்து நிறுத்தும். சுழலும் பானையை வெளியிலிருந்து இரு கையாலும் அணைத்து நிறுத்துவது போல. லைனிங் தேயத் தேயப் பட்டைக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும், பிஸ்டன் அதிக தூரம் போக வேண்டியிருக்கும், பிடி தாமதமாகும். தாமதமாகும் அந்தக் கணத்தில் பட்டை வழுக்கும், வழுக்கினால் இன்னும் வேகமாகத் தேயும். அந்த இடைவெளியைப் பழைய அளவுக்குக் கொண்டுவரத்தான் அட்ஜஸ்ட் திருகு.

இன்று நம் சாலைகளில் ஓடும் லாரிகளில் 'ஆட்டோமேட்டிக்' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி ஏஎம்டி. அது சாதாரண கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச். நம் காலும் கையும் செய்யும் வேலையை இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான். அதில் பேண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. சில பஸ்களிலும் டிப்பர்களிலும் வரும் அலிசன் கியர்பாக்ஸில் எல்லாமே கிளட்ச் தட்டுகள். தேய்மானத்துக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரே அழுத்தத்தைத் திருத்திக்கொள்ளும். ஆயிலும் ஃபில்டரும் காலத்தில் மாற்றினால் போதும். ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4, 4எல்60-இ போன்ற கியர்பாக்ஸ்களில் பேண்டு உண்டு, ஆனால் வெளியே திருகு கிடையாது. பிரித்துக் கட்டும்போது, பேண்டைத் தள்ளும் பிஸ்டனின் தண்டான சர்வோ பின்னின் நீளத்தைத் தேர்ந்தெடுத்து வைப்பதோடு சரி. இந்த வண்டிகளைப் பொறுத்தவரை 'தொடவே கூடாது' என்றவர் சொன்னதுதான் சரி.

திருகு உள்ள கியர்பாக்ஸ்கள் வேறு. பழைய ஃபோர்டு சி4, சி6, கிரைஸ்லர் 727, அதன் வழிவந்து டாட்ஜ் ராம் வண்டிகளில் இருந்த 46ஆர்இ, 47ஆர்இ. உங்கள் வண்டி இந்தக் குடும்பம் என்றால் 'கட்டாயம்' என்றவர் பக்கம்தான் நான். குறிப்பாக பாரம் இழுக்கும் வண்டியில், ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் அதே நாளில் பேண்டையும் சரிசெய்ய வேண்டும். காரணம் எளிது. கிரைஸ்லர் கியர்பாக்ஸில் முன்பேண்டின் திருகு இடது பக்கம் வெளியே இருக்கிறது, பின்பேண்டின் திருகு அடியில் ஆயில் நிற்கும் சேம்பருக்குள் இருக்கிறது. சேம்பரைக் கழற்றி ஆயிலை வடித்த பிறகு, கண்ணெதிரே இருக்கும் திருகை விட்டுவிட்டு மூடினால், அடுத்து அதைப் பார்க்க மறுபடியும் முழு ஆயிலையும் வடிக்க வேண்டும்.

அளவு விஷயத்தில்தான் கெட்டுப்போவது அதிகம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த காலத்து ராம் வண்டிகளுக்கான சர்வீஸ் புத்தகத்தில் 46ஆர்இ, 47ஆர்இ இரண்டுக்கும் முதல் படி ஒன்றுதான்: திருகை அசையாமல் பூட்டி வைக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, திருகை 72 இஞ்ச் பவுண்டுக்கு முறுக்க வேண்டும். அதன்பின் திருப்பித் தளர்த்தும் கணக்கு மாறுகிறது. 46ஆர்இ முன்பேண்டுக்கு 2 7/8 சுற்று, பின்பேண்டுக்கு 2 சுற்று. 47ஆர்இ முன்பேண்டுக்கு 1 7/8 சுற்று, பின்பேண்டுக்கு 3 சுற்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். உள்ளே பேண்டைத் தள்ளும் லீவரின் விகிதம் வேறு, அதனால் சுற்றும் வேறு.

இதை நான் ஒரு வண்டியைக் கெடுத்துத்தான் கற்றேன். அங்கே சேர்ந்த இரண்டாம் ஆண்டு. தொடர்ந்து 47ஆர்இ வண்டிகளாகவே பார்த்து, 1 7/8 என்ற எண் மனப்பாடம் ஆகியிருந்தது. அன்று மாலை ஒரு 46ஆர்இ வந்தது. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இன்னொருவர் கையில் இருந்தது. காத்திருக்கப் பொறுமையில்லாமல், நீளமான ராட்செட்டால் கைக்கணக்கில் முறுக்கி, மனப்பாட எண்ணில் தளர்த்தி, லாக் நட்டை இறுக்கி அனுப்பிவிட்டேன். மூன்று வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. டிப்ஸ்டிக்கை உருவியதும் கருகின வாடை. பிரித்துப் பார்த்தால் முன்பேண்டின் லைனிங் சில இடங்களில் பொடியாகி உதிர்ந்திருந்தது, டிரம்மில் சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது. முன்பேண்டு இரண்டாம் கியரில்தான் பிடிக்க வேண்டும். மூன்றாம் கியரில் அந்த டிரம் வேகமாகச் சுழலும், பட்டை முழுதாக விலகி நிற்க வேண்டும். நான் வைத்த இறுக்கத்தில் அது விலகவே இல்லை. நெடுஞ்சாலையில் போன ஒவ்வொரு கிலோமீட்டரும் அது உரசிக்கொண்டே போயிருக்கிறது. எங்கள் போர்மேன் என்னைத் திட்டவில்லை. அந்தப் பட்டையை என் வேலை மேசைக்கு மேல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அங்கிருந்த வரை அதை நான் கழற்றவில்லை.

72 இஞ்ச் பவுண்டு என்பது ஏறக்குறைய 8 நியூட்டன் மீட்டர். சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரென்சில் இந்த அளவே வராது, சிறிய ரென்ச் தனியாக வேண்டும். இஞ்ச் பவுண்டை அடி பவுண்டு என்று தவறாகப் படித்து முறுக்குபவர்களும் உண்டு. அது 12 மடங்கு. திருகும் போகும், பேண்டும் போகும்.

சுற்றை எண்ணவும் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். திருகின் தலையிலும் அதற்கு நேரே கியர்பாக்ஸின் உடலிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், முக்கால் சுற்றா 7/8 சுற்றா என்ற குழப்பம் வராது. லாக் நட்டை இறுக்கும்போது திருகு கூடவே திரும்பிவிடும். இன்னொரு கையால் திருகை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இறுக்கி முடித்த பிறகு புள்ளி அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போன ஆண்டு ஆரோவில் பக்கத்திலிருந்து பழைய வண்டிகள் சேர்த்து வைத்திருக்கும் ஒருவர் ஃபோர்டு பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்தார். சி6 கியர்பாக்ஸ். முதல் கியரிலிருந்து இரண்டாவது விழும்போது எஞ்சின் ஒரு நொடி வெறுமனே உறுமிவிட்டுத்தான் பிடித்தது. ஆயில் நல்ல சிவப்பு, வாடை இல்லை, அளவும் சரி. சி6-இல் இரண்டாம் கியருக்கான ஒரே ஒரு பேண்டுதான், ரிவர்ஸுக்கு கிளட்ச் தட்டுகள். முதலில் திருகை மெல்ல உள்ளே முறுக்கிச் சுற்றை எண்ணினேன். எப்போதும் அப்படித்தான் தொடங்குவேன், முன்பு யார் எப்படி விட்டுவைத்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஏறத்தாழ நான்கு சுற்று உள்ளே போனது. இருக்க வேண்டியது ஒன்றரை. 10 அடி பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 14 நியூட்டன் மீட்டர் வைத்து, ஒன்றரைச் சுற்று தளர்த்தி, புதிய லாக் நட் போட்டேன். அந்த நட்டில் ஆயில் சீலும் சேர்ந்தே இருக்கிறது, பழையதையே போட்டால் கசியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு வரை ஓட்டிப் பார்த்தோம். இரண்டாம் கியர் விழுந்தது தெரியவே இல்லை. அந்தப் பெரியவர் பேசாமல் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார்.

ஆனால் ஆயில் கறுத்து, கருகின வாடை வந்த பிறகு பேண்டை முறுக்கச் சொல்லி வருபவர்களுக்கு நான் மறுத்துவிடுவேன். எரிந்த லைனிங் முறுக்கினால் திரும்பி வளராது. நான்கு நாள் பிடித்தது போல இருக்கும், பிறகு நடுவழியில் நிற்கும். சேம்பரைக் கழற்றியதும் அடியில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு படிந்திருந்தால் அது வழக்கமான தேய்மானம். கறுப்புச் செதில்களோ விரலில் மினுங்கும் உலோகத் துகள்களோ இருந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ரிவர்ஸ் தாமதமாக விழுகிறது என்றாலும் முதலில் ஆயில் அளவைப் பார்த்துவிட்டுத்தான் பின்பேண்டைச் சந்தேகிக்க வேண்டும். இந்த கிரைஸ்லர் வண்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் சூடாக, நியூட்ரலில் வைத்து அளக்க வேண்டும். பார்க்கில் வைத்து அளந்தால் கணக்கு தப்பும்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட நீர் தென்பெண்ணை வழியாகக் கடலூரைச் சூழ்ந்தது. அந்த டிசம்பரில் பட்டறைக்கு வந்த ஒரு ஆட்டோமேட்டிக் பிக்கப்பின் டிப்ஸ்டிக்கை உருவினேன். நுனியிலிருந்து சொட்டியது அப்படியே ரோஸ்மில்க். ப்ரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் ஆயிலோடு கலந்துவிட்டது. உரிமையாளர் யாரோ சொன்னதைக் கேட்டு, "பேண்டைக் கொஞ்சம் டைட் வைத்துக் கொடுங்கள் அண்ணே, சரியாகிவிடுமாம்" என்றார். அது புதிய வண்டி, முறுக்குவதற்குத் திருகே கிடையாது. இருந்திருந்தாலும் பயனில்லை. தண்ணீர் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையையே பெயர்த்துவிடும். எஞ்சினை இயக்காமல் கட்டி இழுத்து வந்திருந்தால் ஆயிலை முழுதாக மாற்றிக் காப்பாற்ற வாய்ப்பு இருந்திருக்கும். அவர் மூன்று நாள் ஓட்டிவிட்டார். கடன் வாங்கி எடுத்த வண்டி. கியர்பாக்ஸைப் பிரித்து வைத்து அவரிடம் காட்டிய அந்தக் காலை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. வெள்ளத்தில் நின்ற ஆட்டோமேட்டிக் வண்டியை தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

உங்கள் வண்டி எந்த மாடல் என்று கேள்வியில் இல்லை. கிரைஸ்லர் குடும்பமாக இருந்தால் கியர்பாக்ஸின் இடது பக்கம், சேம்பர் சேரும் விளிம்புக்குச் சற்று மேலே ஒரு எண் பொறித்திருக்கும். டீசலில் நனைத்த துணியால் துடைத்து அதைப் படித்து எழுதுங்கள், எந்தக் கியர்பாக்ஸ், எத்தனை சுற்று என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை யாரையும் அந்தத் திருகில் கைவைக்க விடாதீர்கள்.