இருபது பேரும் இருப்பிடத்தைப் பகிர வேண்டுமா?

கேள்வி: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மயிலாப்பூர் மாட வீதிகளில் இருபது பேர் புகைப்பட நடை செல்கிறோம். தாமதமாக வருவோர் எங்களைக் கண்டுபிடிக்கத் திணறுகிறார்கள். எல்லோரும் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் பகிரலாம் என்றால், அதிகம் பழகாத சிலர், குறிப்பாகப் பெண்கள், தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அவர்களின் தயக்கம் நியாயமானது. தேடப்படுவது நகர்ந்துகொண்டிருக்கும் குழுதான் என்பதால், அதை நடத்திச் செல்லும் ஒருவர் மட்டும் பகிர்ந்தால் போதும். வந்து சேர வேண்டியவர் தம் இருப்பிடத்தைக் காட்டாமலேயே அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஒருவரும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பகிரத் தொடங்கக் கூடாது. நேரம் முடிந்து லைவ் லொகேஷன் நின்ற பிறகும், அது தொடங்கிய இடம் அந்த உரையாடலில் ஒரு சிறு வரைபடமாகத் தங்கிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கூடும் இடத்தை அடைந்தபின் தொடங்கினால், உரையாடலில் தங்குவது அந்த இடமாகத்தான் இருக்கும், வீடாக இருக்காது. வாட்ஸ்அப் தரும் கால அளவுகள் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் ஆகிய மூன்றே. இரண்டு மணி நேர நடைக்கு 8 மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து நிறுத்த மறந்தால், மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போனார் என்பதுவரை குழு பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் வைத்து, தேவைப்பட்டால் மீண்டும் பகிர்வதே நல்லது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் பார்க்க முடியாத முழுமறையாக்கம் இருப்பதால் அச்சமில்லை என்று சிலர் சொல்வார்கள். அது வெளியாரிடமிருந்து காக்குமே தவிர, குழுவுக்குள் இருப்பவரிடமிருந்து காக்காது.

முதல்முறை வருபவரைக் குழுவில் சேர்த்தால் அவருடைய கைபேசி எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவருக்கு மட்டும், நடத்திச் செல்பவரின் இருப்பிடத்தைக் காட்டும் கூகுள் மேப்ஸ் பகிர்வு இணைப்பை அனுப்பலாம். அதைப் பார்க்கக் கூகுள் கணக்கு தேவையில்லை. ஆனால் அந்த இணைப்பு யார் கைக்குப் போனாலும் திறக்கும் என்பதால், கால வரம்பு வைத்தே அனுப்புங்கள்.

கூடும் இடத்துக்கு லைவ் லொகேஷனே வேண்டாம். ‘கபாலீசுவரர் கோயில்’ என்று மட்டும் குறித்தால் கிழக்குக் கோபுரத்தருகே சிலரும் மேற்கே குளத்தருகே சிலரும் நிற்பார்கள் என்பதால், வரைபடக் குறியுடன் எந்தப் பக்கம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

நடை முடிந்ததும், பகிர்ந்தவர் வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று, லைவ் லொகேஷன் எங்காவது இன்னும் ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்திவிடட்டும்.