அம்மாவின் ஊசியும் யோசேப்பின் அங்கியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாக அமெரிக்க கன்ட்ரி பாடல்களை, அதாவது அந்நாட்டுத் தெற்குக் கிராமப்புறத்திலிருந்து வந்த பாடல்களை, கேட்டுக்கொண்டிருக்கிறேன். டாலி பார்ட்டனில் தொடங்கி, பின்னோக்கி நகர்ந்து 1920களில் பதிவு செய்யத் தொடங்கிய கார்ட்டர் குடும்பக் குழு வரை போய்விட்டேன். கடவுள், அம்மா அப்பா, சொந்த ஊர், இந்த மூன்றையும் விட்டால் இவர்களுக்குப் பாட வேறொன்றும் கிடையாதா என்று எரிச்சல் வருகிறது. ஆனாலும் கண் கலங்காமல் ஒரு பாட்டைக் கேட்டு முடிக்க முடிவதில்லை. இது வெறும் உணர்ச்சிச் சுரண்டல்தானா?

நான் கிட்டார் வாசிப்பேன். மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரைப் பற்றி அதே பாணியில் தமிழில் ஒரு பாட்டு எழுதினேன். கோயில் மணி, அம்மா கைச்சோறு, அப்பாவின் வியர்வை, ஆற்றங்கரை எல்லாம் இருக்கிறது. பல்லவி ‘எங்க மலை’ என்று முடியும். நண்பர்களிடம் பாடிக் காட்டினால் சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எங்கே தவறுகிறது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

நீங்கள் அடுக்கியிருக்கும் நான்கில் ஒன்றுகூட எந்த வேலையும் செய்யவில்லை. மணி இருக்கிறது, அடிப்பவர் இல்லை. சோறு இருக்கிறது, கம்பஞ்சோறா நெல்லுச்சோறா தெரியவில்லை. நண்பர்களுக்கு விளம்பரம் நினைவுக்கு வந்தது அதனால்தான். பட்டியல் போட்டாலே பாட்டாகிவிடும் என்று கன்ட்ரியிலும் பலர் நம்பியிருக்கிறார்கள். 2010களில் வானொலியில் ஓடிய பல பாடல்கள் பிக்அப் வண்டி, மண்சாலை, ஆற்றங்கரை, குளிர்ந்த பீர் என்ற வரிசையைத் தாண்டவே இல்லை. அவற்றைச் சுரண்டல் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

உங்களைக் கலங்கவைத்தது எந்தப் பாட்டு என்று எழுதவில்லை. டாலி பார்ட்டனின் ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’ பாட்டை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன மூன்றும் அதில் ஒரே முடிச்சில் விழுந்திருக்கின்றன. 1969இல் சுற்றுப்பயணப் பேருந்தில் எழுதிய பாட்டு அது. எழுதத் தாள் இல்லாமல், உடன் பாடிய போர்ட்டர் வேகனரின் மேடை உடையைச் சலவைக்குப் போட்ட ரசீதின் பின்பக்கத்தில் எழுதினார். இசைத்தட்டாக வந்தது 1971இல்.

கதை சின்னது. யாரோ கொடுத்த ஒரு பெட்டி துண்டுத் துணி. குளிர்காலம் நெருங்குகிறது, மகளுக்கு மேலங்கி கிடையாது. அம்மா ஒவ்வொரு துண்டாக ஒட்டுப்போட்டுத் தைக்கிறார். தைத்துக்கொண்டே வேதாகமத்தில் வரும் யோசேப்பின் கதையைச் சொல்கிறார், தகப்பன் தன் செல்ல மகனுக்குக் கொடுத்த பலவருண அங்கியின் கதை. மகள் பெருமையோடு பள்ளிக்கு ஓடுகிறாள். அங்கே பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

இதில் விசுவாசத்துக்கென்று தனியாக ஒரு சரணம் இல்லை. கை வேலையாக இருக்கும் ஒரு பெண்ணின் வாயில் கதையாக அது வருகிறது. யோசேப்பை எடுத்துவிடுங்கள், இன்னொரு வறுமைப் பாட்டு மிஞ்சும். ஊசியை எடுத்துவிடுங்கள், பிரசங்கம் மிஞ்சும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் அந்த அங்கி யோசேப்புக்கு உடனே நன்மை தரவில்லை. அண்ணன்மார் பொருமுகிறார்கள், அங்கியை உரிகிறார்கள், ஆட்டின் இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனுக்கு அனுப்புகிறார்கள். தைக்கும்போது மகளின் காதில் விழுந்தது கதையின் அன்பான பாதி. மீதிப் பாதி பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. பாட்டு இதை எங்கும் எடுத்துச் சொல்வதில்லை. வேதாகமம் தெரிந்த ஊரில் சொல்லவும் வேண்டியதில்லை.

அந்த ஊர் டென்னசி மாநிலத்தின் செவியர் கவுண்டியில், ஸ்மோக்கி மலைகளின் அடியில் இருக்கிறது. டாலி பிறந்தது 1946 ஜனவரி 19, பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது. பிரசவம் பார்த்த மருத்துவருக்குக் கூலியாக அப்பா கொடுத்தது ஒரு மூட்டை மக்காச்சோள மாவு. ஏழைக் குடும்பம் என்று பத்து வரி எழுதினாலும் அந்த ஒரு மூட்டையின் எடை வராது. தாய்வழித் தாத்தா ஜேக் ஓவன்ஸ் பெந்தெகொஸ்தே போதகர். பேத்தி பாடத் தொடங்கியது அவருடைய சபையில். அப்பா ராபர்ட் லீக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை மனதில் வைத்து டாலி 1995இல் செவியர் கவுண்டிக் குழந்தைகளுக்கு, பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை மாதம் ஒரு புத்தகம் தபாலில் போகும்படி ஏற்பாடு செய்தார். அது பல நாடுகளுக்குப் பரவி இப்போது 20 கோடிப் புத்தகங்களைத் தாண்டிவிட்டது. சொந்த ஊர்ப் பாசம் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

சுரண்டலா என்று கேட்டீர்கள். 1968இல் அவர் பாடிய ‘இன் த குட் ஓல்ட் டேஸ்’ பாட்டைக் கேளுங்கள். ஆலங்கட்டி மழையில் பயிர் போகிறது, அப்பாவின் கை வெடித்து இரத்தம் வருகிறது, சுவர் இடுக்கு வழியாகப் பனி உள்ளே விழுகிறது. அந்த நினைவுகளை எந்த விலைக்கும் விற்கமாட்டேன், அந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போகச் சொல்லி எவ்வளவு கொடுத்தாலும் போகமாட்டேன் என்று இரண்டையும் ஒரே பல்லவியில் சொல்கிறார். சுரண்டுகிற பாட்டு முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் பாட்டும் அங்கேயே நின்றுவிட்டது என்று சந்தேகப்படுகிறேன்.

பாடும் முறையிலும் சபையும் குடும்பமும் இருக்கின்றன. அமெரிக்கத் தெற்கின் பல கிராமங்களில் வடிவக் குறிப்பு முறையில்தான், அதாவது சுரத்தின் பெயரை அதன் குறியின் வடிவத்தைப் பார்த்தே அறிந்து, பாடக் கற்றார்கள். 1844இல் ஜார்ஜியாவில் தொகுத்த ‘சேக்ரட் ஹார்ப்’ என்ற பக்திப் பாட்டு நூலில் நான்கு வடிவங்கள்: முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, சாய்சதுரம் மி. நம் ஸட்ஜம் போல ஆதாரச் சுரத்தை எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நான்கு குரல் வகையினர் நான்கு பக்கமும் உள்நோக்கி உட்கார்ந்து, முதலில் வடிவங்களின் பெயரைப் பாடிவிட்டு அப்புறம் சொற்களைப் பாடுவார்கள். கேட்பதற்கென்று தனியாக யாரும் கிடையாது, எல்லோரும் பாடுபவர்கள். அலபாமாவின் சாண்ட் மவுண்டன் பகுதியிலிருந்து வந்த கன்ட்ரி இரட்டையர் லூவின் சகோதரர்கள் இந்தப் பாட்டில் வளர்ந்தவர்கள். மேல்குரலையும் கீழ்க்குரலையும் இருவரும் பாட்டின் நடுவிலேயே மாற்றிக்கொள்வார்கள். எந்தக் குரல் யாருடையது என்று பிரிக்க முடியாது. ஒரே வீட்டில் பேசப் பழகியவர்களுக்கு உயிரெழுத்துகளின் வாய்த்திறப்பு ஒன்றாக இருக்கும், அதுவும் ஒரு காரணம். நீங்கள் இரண்டாம் குரல் சேர்ப்பதாக இருந்தால் நல்ல பாடகரைத் தேடாதீர்கள். தங்கையோ சித்தப்பா மகனோ இருந்தால் கூப்பிடுங்கள்.

இனி கிட்டார். நீங்கள் சொன்ன கார்ட்டர் குடும்பத்தின் மேபெல் கார்ட்டர் 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் முதல்முறை பதிவு செய்தபோது அவருக்கு வயது 18. அவருடைய வாசிப்பைத்தான் ‘கார்ட்டர் ஸ்க்ராட்ச்’ என்கிறோம். சி கார்டை (சுரக்கூட்டை) பிடியுங்கள். மெட்டை 5, 4, 3ஆம் கம்பிகளில் கட்டைவிரலால் மட்டும் எடுங்கள்: ஐந்தாவது கம்பியின் மூன்றாம் கட்டையில் ஸ, நான்காவதைத் திறந்துவிட்டால் ரி, அதன் இரண்டாம் கட்டையில் க. நான்கு எண்ணிக்கையில் 1, 3இல் கட்டைவிரல். 2, 4இல் சுட்டுவிரல் நகத்தால் மெல்லிய இரண்டு மூன்று கம்பிகளை லேசாக வருட வேண்டும். வருடல் மெட்டைவிடச் சத்தமாகிவிடுவதுதான் எல்லோருக்கும் வரும் கோளாறு. வருடலை முழுக்க நிறுத்திவிட்டு, கட்டைவிரலை மட்டும் கேட்டே பாட்டு இன்னதென்று அடுத்தவர் சொல்லும்வரை பழகுங்கள். சுருதி குரலுக்குக் கீழே இருந்தால் கேபோ (கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) போடுங்கள், கார்டு வடிவத்தை மாற்றாதீர்கள். கார்டுகள் சி, எஃப், ஜி மூன்று போதும். மெட்டு ஒரு ஸ்தாயிக்குள் அடங்கட்டும், வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாடுவதற்கு.

உங்கள் பல்லவியில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ‘எங்க மலை’ என்று முடிப்பதாகச் சொல்கிறீர்கள். இந்தப் பாணியில் பல்லவியின் கடைசிச் சொல்லை மூன்று நான்கு எண்ணிக்கை நீட்டுவார்கள். ‘ம’ குறில். அதை நீட்டினால் ‘எங்க மாலை’ ஆகிவிடும். கேட்பவர் பூமாலையையோ பொழுதையோ நினைப்பார். ‘மணி’யும் இப்படித்தான் ‘மாணி’ ஆகும். ‘ம’வை அடிக்கு முன்னால் சின்னதாக எடுத்துவிட்டு, ‘லை’ அடியின் மேல் விழும்படி வைத்து அதை நீட்டுங்கள். இல்லையென்றால் முடிவில் ‘ஊரு’ வரட்டும். முதலெழுத்தே நெடில், எத்தனை எண்ணிக்கையும் தாங்கும். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை குறைவு. அந்த மெட்டுகளை அப்படியே எடுத்துத் தமிழ்ச் சொல் போடும்போது இந்த இடத்தில்தான் பலர் இடறுகிறார்கள்.

அப்புறம், நீங்கள் எங்கிருந்து பாடுகிறீர்கள்? டாலி 1964இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே நாஷ்விலுக்குப் பேருந்து ஏறியவர். 1973இல் வந்த ‘மை டென்னசி மவுண்டன் ஹோம்’ இசைத்தட்டின் தொடக்கத்தில் பாட்டு இல்லை. நாஷ்வில் போன புதிதில் அம்மா அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை வாசிக்கிறார். மலை, தாழ்வாரம், மின்மினி எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஊரை விட்டு வந்தவள் பாடுகிறாள் என்று தெரிந்துவிட்டதால் ஒவ்வொரு பொருளும் தொலைவிலிருந்து தெரிகிறது. நீங்கள் ஊரிலேயே இருப்பவர் என்றால் பாட்டு வேறு மாதிரி இருக்க வேண்டும். கிளம்பிப் போனவர் யாரோ, அவரை நோக்கிப் பாடலாம்.

ஆற்றங்கரையையும் கோயில் மணியையும் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். அப்பாவின் வியர்வையை வையுங்கள், ஆனால் அந்தச் சொல் வேண்டாம். அவர் என்ன வேலை பார்த்தார், கையில் என்ன பிடித்திருந்தார், அதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? முதல் சரணத்தின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். இரண்டாவது சரணத்தில் அம்மா சோறு பிசைகிறார். பிசையும்போது என்ன கதை சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள். மூன்றாவதை எழுதும் முன் இந்த இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்