ஹேங்டு மேன் கார்டு: தலைகீழா தொங்குறவனைப் பத்தி கேள்வி பதில்

குறி பாக்கற டாரோ சீட்டுக்கட்டுல (டெக்) இன்னைக்கு இந்த ஒரே கார்டுதான், பன்னெண்டாம் நம்பர். படம்னு நான் சொல்றது எல்லாம் 1909-ல லண்டன்ல ரைடர் கம்பெனி போட்ட டெக்ல பமீலா கோல்மன் ஸ்மித் வரைஞ்சது, உங்கள்ல முக்கால்வாசி பேர்கிட்ட இருக்கறதும் அதான்.

கேள்வி: நேத்து மூணு கார்டு எடுத்தேன், நடுவுல இது வந்துருச்சு. தூக்குல தொங்குற மாதிரி இருக்கே, வீட்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுமா?

பதில்: ஒண்ணும் ஆகாது சிஸ்டர், பயப்படாதீங்க. கார்டை கையில எடுத்து நிதானமா பாருங்க. கயிறு கழுத்துலயா இருக்கு? வலது கால்ல இருக்கு. இடது காலை மடக்கி பின்னாடி வச்சு, ஏதோ ஈஸி சேர்ல சாஞ்ச மாதிரி இருக்கான். மூஞ்சில வலியே இல்ல, தலையைச் சுத்தி மஞ்சளா ஒளிவட்டம் வேற. அவன் தொங்குற கட்டையில பச்சை இலை துளிர்த்திருக்கு பாருங்க, அதாவது அது பட்ட மரம் இல்ல, உயிரோட இருக்கற மரம். டெக்கை பிளான் பண்ண ஆர்தர் வெயிட்டே இது நின்னு போயிருக்கற வாழ்க்கை, ஆனா வாழ்க்கைதான், சாவு இல்லன்னு தன் புக்ல எழுதியிருக்கார். சாவு கார்டு இதுக்கு அடுத்தது, 13, அதுக்கே யாரும் நேரடியா சாவுன்னு பலன் சொல்றதில்ல.

கேள்வி: அப்படி என்ன தப்பு பண்ணான்னு ஒத்தக் கால்ல கட்டித் தொங்கவிட்டிருக்காங்க?

பதில்: இதைத்தான் யாராவது கேப்பாங்களான்னு பாத்துட்டு இருந்தேன். டாரோ 15-ம் நூற்றாண்டுல வடக்கு இத்தாலில வெறும் சீட்டாட்டம், ஜோசியம் எல்லாம் 18-ம் நூற்றாண்டுலதான் பரவுச்சு. அந்த ஆட்டத்துல இந்த கார்டுக்கு இன்னொரு பேரு துரோகி. அந்த ஊர்கள்ல ஒரு வழக்கம், ஊருக்கு துரோகம் பண்ணவன், கடனை ஏமாத்திட்டு ஓடிப்போனவன், இவங்களை எல்லாம் கவர்மென்ட்டே ஆர்ட்டிஸ்ட் வச்சு தலைகீழா தொங்குற மாதிரி பொதுச் சுவத்துல வரைய வைக்கும், ஆள் சிக்கலன்னாலும் மானம் போகட்டும்னு. 1440-ல ஃப்ளோரன்ஸ்ல ஆண்ட்ரியா டெல் காஸ்டானோ இப்படி வரைஞ்சு 'தொங்கவிட்டவங்களோட ஆண்ட்ரியா'ன்னு பட்டப்பேரே வாங்கிட்டார், 1478-ல அந்த ஊர்ல அதிகாரத்துல இருந்த மெடிசி குடும்பத்து மேல கை வச்ச பாஸி கோஷ்டியை வரைஞ்சது யாரு தெரியுமா, பெரிய ஓவியர் போட்டிசெல்லி! இதுல எனக்குப் பிடிச்ச மேட்டர், முட்ஸியோ அட்டென்டோலோ ஸ்ஃபோர்ஸான்னு ஒரு தளபதி, கட்சி மாறிட்டாருன்னு ரோம்ல அவரையும் கால்ல தொங்குற மாதிரி வரைஞ்சு வச்சாங்க, அப்புறம் அவர் மகன் மிலானுக்கே டியூக் ஆகி, அந்த குடும்பத்துக்குன்னு தங்க ரேக் ஒட்டி வரைஞ்ச சீட்டுக்கட்டுல இதே கார்டு இருக்கு. அப்பாவோட ஞாபகம் வந்துச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும். இன்னொரு பழைய கட்டுல தொங்குறவன் ரெண்டு கையிலயும் பணமூட்டை பிடிச்சிருப்பான், காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்னு நிறைய பேர் சொல்றாங்க.

ஆக ஒளிவட்டம் எல்லாம் பின்னாடி வந்தது. தியாகம், ஞானம்னு மட்டும் பலன் சொல்றவங்க பாதி கார்டைத்தான் படிக்கிறாங்கன்னு நான் சொல்லுவேன், ஊர் முன்னாடி அசிங்கப்பட்டு நிக்கறதும் இதுக்குள்ளதான் இருக்கு.

கேள்வி: பாத்தா நம்ம முருங்கைமர வேதாளம் மாதிரியே இருக்கே, கனெக்‌ஷன் உண்டா?

பதில்: இல்ல. மரத்துல தொங்கி ஞானம் வாங்கின ஓடின்னு வடக்கு ஐரோப்பா சாமி கதையையும் இதோட சேத்துப் பேசுவாங்க, அதுவும் பின்னாடி ஒட்டவச்சதுதான்.

கேள்வி: பிரேக்கப் ஆகி அவன் மனசுல என்ன இருக்குன்னு கேட்டு எடுத்தேன், இது வந்துச்சு. திரும்பி வருவானா?

பதில்: அவன் கையைப் பாருங்கம்மா. முதுகுக்குப் பின்னாடி இருக்கு, கட்டியிருக்கா, அவனா வச்சிருக்கானான்னு படத்துல தெரியாது, அதான் உங்க பதிலும். முடியலையா, மனசில்லையான்னு வெளியில இருந்து கண்டுபிடிக்க முடியாத நிலைமை. ரெண்டுல எதுவா இருந்தாலும் இப்போதைக்கு அவன் அடி எடுத்து வைக்கப் போறதில்ல, நீங்களும் சேந்து தொங்கணும்னு கார்டு சொல்லல.

கேள்வி: ப்ரோ வேலையை விடலாமா வேணாமா, ஆஃபர் லெட்டர் இன்னும் வரல

பதில்: லெட்டர் வராம யாராவது பேப்பர் போடுவாங்களா, இதுக்கு கார்டே தேவையில்ல.

கேள்வி: ரிவர்ஸ்ல, அதாவது கார்டு தலைகீழா வந்தா ஆள் நேரா நின்னுடறானே, அப்போ நல்லதா?

பதில்: சிரிச்சுட்டேன், ஆனா இது சீரியஸாவே நடந்திருக்கு. 1781-ல பாரிஸ்ல கூர் தெ ஜெப்லான்னு ஒரு அறிஞர், இவன் தொங்குறவனே இல்ல, ஒரு காலைத் தூக்கி அடுத்து எங்க வைக்கலாம்னு யோசிச்சு நிக்கற ஆள், விவேகத்தோட உருவம், கார்டு அடிச்சவனுங்க தலைகீழா போட்டுட்டானுங்கன்னு எழுதினார். தப்புதான், ஆனா சுவாரஸ்யமான தப்பு. வெயிட் ரிவர்ஸுக்கு சுயநலம், கூட்டம்னு பலன் குடுத்திருக்கார். நான் எடுக்கறது, தேவையில்லாம இழுத்துக்கிட்டு கிடக்கற காத்திருப்பு, ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்து எடுக்காம வச்சிருக்கற முடிவு. நல்லதா கெட்டதான்னு அது ஒண்ணை மட்டும் வச்சு சொல்ல மாட்டேன், பக்கத்துல என்னென்ன கார்டு வந்துச்சுன்னு சொல்லுங்க பாப்போம்.