கோத்தகிரி காரை டிராக்கில் இறக்கும் முன்

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். மலைப்பாதையில் பதினைந்து ஆண்டுகளாகக் கார் ஓட்டிப் பழக்கம். என்னுடைய 2018 பெட்ரோல் ஸ்விஃப்ட்டை, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஒரு டிராக் டேக்கு (சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்) கொண்டுபோகப் பதிவு செய்திருக்கிறேன். காரில் எதையும் மாற்றவில்லை. மாற்றும் எண்ணமும் இல்லை. காரையும் என்னையும் எப்படித் தயார் செய்வது?

பதில்: மாற்றாத கார் போதும். ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவர்தன் பெயரில் 2003-இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட அந்த டிராக் 2.1 கிலோமீட்டர்தான், சிறிய கார்களுக்கு ஏற்ற அளவு. உங்கள் பதினைந்து ஆண்டு அனுபவமும் நல்லதே. ஆனால் பிரேக் விஷயத்தில் மட்டும் அந்த அனுபவம் உங்களை ஏமாற்றக்கூடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மலையிறங்கும்போது இரண்டாம் கியரில் போட்டு, எஞ்சினைக் கொண்டே காரைப் பிடித்து, பிரேக்கை விட்டு விட்டுத் தொடுவதுதான் நம் பழக்கம். டிராக்கிலோ நேர்பாதையின் முடிவில், குறுகிய தூரத்தில், முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்க வேண்டும். ஆளோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார் 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குக் குறையும்போது பிரேக்கில் ஏறும் சூடு, 60-லிருந்து 30-க்குக் குறையும்போது ஏறுவதைப்போல நான்கு மடங்கு. இன்னொரு கணக்கும் சொல்கிறேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் இறங்குகிறோம். அவ்வளவு இறக்கத்தையும் பிரேக்கால் மட்டுமே பிடித்தால் எவ்வளவு சூடு உண்டாகுமோ, அதே சூட்டை 120-லிருந்து 60-க்கு முப்பத்தைந்து முறை பிரேக் பிடித்தாலே உண்டாக்கிவிடலாம். ஒரு சுற்றில் நான்கு இடங்களில் அப்படிப் பிடித்தால், மலை முழுவதையும் ஒன்பதே சுற்றில், கால் மணி நேரத்துக்குள், எஞ்சினின் துணையில்லாமல் இறங்கியதற்குச் சமம்.

ஆகவே முதல் செலவு பிரேக் ஆயிலுக்கு இருக்கட்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் மூடுபனியில் சொல்லவே வேண்டாம். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் உண்டாகும் ஆவி மிதிபடும்போது சுருங்குமே தவிர, அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தாது. என் முதல் டிராக் டேயில், மூன்று ஆண்டு பழைய ஆயிலோடு போன எனக்கு ஐந்தாவது சுற்றில் அதுதான் நடந்தது: அதுவரை கல்போல இருந்த பெடல் ஈரப்பஞ்சை மிதித்ததுபோல மெத்தென்று இறங்கியது, இரண்டாவது முறை மிதித்த பிறகே கார் வேகம் குறைந்தது. கையேட்டில் சொன்ன வகையைப் பார்த்து, புது ஆயிலை ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் தங்கிய காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். பட்டறையில் காரைத் தூக்கியிருக்கும்போதே முன் சக்கர பிரேக் பேடுகளை (பிரேக் தட்டை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகளை) பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் மெலிந்த பேடு சூட்டைச் சீக்கிரம் ஆயிலுக்குக் கடத்தும். புது பேடு போட்டால் சில நாள் சாதாரணமாக ஓட்டிப் பழக்கிய பிறகே டிராக்குக்குப் போக வேண்டும்.

அடுத்தது டயர். கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பித் திருப்பி, மலைக்கார்களின் முன் டயர்களில் தோள்பகுதி முதலில் தேயும். நடுவில் பட்டை நன்றாக இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு: 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். காரோடு வந்த டயர்களே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அவற்றோடு போக வேண்டாம்.

காற்றழுத்தத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மலைமேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், கோத்தகிரியில் 32 பிஎஸ்ஐ காட்டிய டயர் சமவெளிக்கு வந்ததும் இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் குறைத்துக் காட்டும்; கோவையின் வெயிலோ ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூட்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் நண்பகலில் அளந்தால் எதுவுமே மாறாததுபோலத் தோன்றும். ஆகவே ஊரில் பிடித்த காற்றை நம்பாமல், சொந்தமாக ஒரு அளவுமானி வாங்கிக்கொண்டு, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது டிராக் வாசலிலேயே, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். ஓட்டி முடித்து வந்தவுடன் மறுபடி அளந்து, ஏறிய காற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து நான்கையும் ஒழுங்குக்குக் கொண்டுவரலாம்.

மற்றவை எளிது. கூலன்டில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் வழக்கம் குளிரில் செல்லும், கோவை வெயிலில் செல்லாது. எஞ்சின் ஆயில் மேல் குறிக்கு அருகில் இருக்கட்டும், தாண்ட வேண்டாம். சக்கர நட்டுகளைக் கையேட்டின் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். ஓட்டுநர் பக்கத்து மேட், தண்ணீர் பாட்டில், ஜாக்கி, டாஷ்போர்டு பிள்ளையார் எல்லாம் வெளியே; பெடலுக்கு அடியில் உருளும் பாட்டில் பேடு தேய்வதைவிட ஆபத்தானது.

இனி நீங்கள். டிராக்கில் உங்களுக்கு முதலில் அரிக்கப்போவது ஹாரன் கை. வளைவைக் கண்டாலே அதை அழுத்தும் பழக்கத்தோடு, இடப்பக்கம் ஒட்டியே திரும்பும் பழக்கத்தையும் வாசலில் விட வேண்டும். எதிரே பேருந்து வராது. வெளியோரத்தில் தொடங்கி, உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்துக்கு விரியுங்கள். காலை விளக்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்: மஞ்சள் கொடி காட்டினால் வேகம் குறைத்து யாரையும் முந்தாமல் போக வேண்டும்; சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. முந்தைய இரவே கோவையில் தங்கித் தூங்குவது நல்லது. விடியலில் மலையிறங்கிச் சூடேறிய பிரேக்கோடும் களைத்த கண்ணோடும் வருவதை நான் ஒப்பமாட்டேன். ஸ்வெட்டர் ஊர்க்காரர்களுக்கு அந்த வெயில் பழகாது. முழுக்கைப் பருத்திச் சட்டை, மெல்லிய அடியுள்ள காலணி, முகம் மூடிய ஹெல்மெட், நிறையத் தண்ணீர்.

முதல் இரண்டு சுற்று மெதுவாக. பெடல் மெத்தென்றாலோ, எரிந்த வாடை வந்தாலோ உடனே விலகி வாருங்கள். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் ஓட்டிக் குளிரவிட்டு, நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பின் சக்கரத்தின் சூடான பிரேக் டிரம்மில் பிரேக் ஷூவை அழுத்தி வைப்பது அதைக் கெடுக்கும். வாகனக் காப்பீடு பொதுவாகப் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்பதால், சேதமானால் உங்கள் பணம்தான்.

திரும்பும்போது, டிராக்கில் குறைத்த காற்று டயர் குளிர்ந்ததும் இன்னும் குறைந்திருக்கும். மேட்டுப்பாளையத்தில் நிரப்பிக்கொண்டு குஞ்சப்பனை வழியாக மலையேறுங்கள். ஏறும்போது பிரேக்குக்கு வேலை இருக்காது, அதனால் அதன் நிலை தெரியாது. அடுத்த முறை மலையிறங்குவதற்கு முன் பேடுகளை ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெடல் ஒருமுறையாவது இறங்கியிருந்தால் பிரேக் ஆயிலை மறுபடி மாற்றுங்கள்.