நன்கொடை முழுவதும் குழந்தைக்கே போய்ச் சேர வேண்டும், ஊழியர் சம்பளத்துக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. என்ன வழி?

கேள்வியைப் படித்ததும் டீச்சர்தான் நினைவுக்கு வந்தார். அவர் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவர் அல்ல. எங்கள் பக்கம் தோளில் பை மாட்டிக்கொண்டு வரும் பெண்கள் எல்லோரும் டீச்சர்தான். தொண்டு நிறுவனமொன்றில் மாதச் சம்பளக்காரர். நீங்கள் ஒரு ரூபாயும் போகக் கூடாது என்கிறீர்களே, அந்தச் சம்பளத்தை வாங்கியவர்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில், வேலந்தாவளத்துக்கு உட்பக்கம். கேரளத்துக்குள் இருக்கும் தமிழ் ஊர். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவது எங்கள் சித்தூர் தாலுகாவிலிருந்துதான். அப்பாவும் மரமேறிதான். 2003-இல், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, தென்னையிலிருந்து விழுந்து, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்தார். கள்ளுத் தொழிலாளர் நல நிதியில் அவர் பெயர் இல்லை. பதிவு பெற்ற வேறொருவருக்குப் பதிலாக ஏறிக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த மறுநாளே பெரியப்பா, "பிள்ளைகளை ஹோமில் சேர்த்துவிடு, மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வீட்டிலும் நான்கு வயிறுகள். அம்மா எங்கள் துணிகளை மூட்டை கட்டிவிட்டார். அந்த நேரத்தில்தான் டீச்சர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, என் கணக்கு நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் அரிசி, மண்ணெண்ணெய், பள்ளிச் செலவு என்று ஒவ்வொன்றாக அம்மாவிடம் கேட்டு எழுதினார். களைவெட்டுக் கூலியைக் கழித்தார். மாதம் 600 ரூபாய் துண்டு விழுந்தது. "அக்கா, 600 ரூபாய்க்காகவா இரண்டு பிள்ளைகளை அனுப்புகிறீர்கள்?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. மூட்டை ஒரு வாரம் மூலையிலேயே கிடந்தது. பிறகு ஒருநாள் அதிலிருந்தே என் பாவாடையை எடுத்துத் துவைக்கப் போட்டார்.

அந்த 600 ரூபாயை நிறுவனம் இரண்டு வருடம் கொடுத்தது. அதற்குள் விதவை பென்ஷன் வாங்கியாக வேண்டும். இறப்புச் சான்று கோயம்புத்தூரில். ரேஷன் அட்டையில் அம்மாவின் பெயர் இன்னும் பொள்ளாச்சிப் பக்கம், பிறந்த வீட்டில். குடியிருப்பதோ கேரளத்தில். போதாததற்கு, மலையாளக் காகிதங்களில் அப்பா பெயரின் முடிவில் ஒரு 'ன்' கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓர் எழுத்துக்காக எட்டு முறை அலைந்தார்கள். எட்டு முறையும் டீச்சர் முதல் பஸ்ஸில் அம்மாவோடு போனார். நல்ல மனசுக்காரர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். இரண்டாம் முறையோடு நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறதல்லவா? டீச்சருக்கு அதுதான் பிழைப்பு என்பதால் எட்டாம் முறையும் வந்தார்.

இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இலேயே சொல்லிவிட்டது. அம்மா நீட்டிய தமிழ் மனுவை ஓர் அலுவலர் பிரித்துக்கூடப் பார்க்காமல், மலையாளத்தில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். இன்றும் எல்லா அலுவலகத்திலும் நான் தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறேன், வீம்புக்காகவே. சரி, கேள்விக்கு வருகிறேன்.

தொண்டு நிறுவனம் என்றாலே யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் பிடித்துக் காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். எனக்கு இதில் ஆதாயம் எதுவும் இல்லை, துணிக்கடையில் கணக்கெழுதுகிறேன். "அரசாங்கமே கொடுக்கிறதே" என்று யாராவது வருவார்கள். கொடுக்கிறது. மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமம் என்றால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் சொல்கிறது. புருஷனை இழந்து பத்து நாள் ஆன பெண், இந்தச் சட்டத்தை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள்? வருமானச் சான்றுக்கு அவளோடு யார் போவது?

நீங்கள் ஏதோ பெருநகரத்தில், மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும் வேலையில் இருப்பவர் என்று நினைக்கிறேன், தவறென்றால் மன்னியுங்கள். பணம் கொடுக்கும் முன் நிறுவனத்திடம் ஒன்று கேளுங்கள்: வீடு வீடாகப் போகிற ஆள் எத்தனை பேர், ஒருவர் தலையில் எத்தனை குடும்பம்? ஆளே இல்லை, பணம் அப்படியே பிள்ளைக்குத்தான் என்று பெருமையாகச் சொன்னால், நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

நான் வேலைக்குப் போன பிறகு ஒருமுறை டீச்சரிடம், அந்த நாளில் என்ன சம்பளம் என்று கேட்டேன். 1,800 ரூபாய் என்றார். பஸ் காசு தனியாகக் கிடையாதாம்.