இடுப்பில் துப்பாக்கி, சட்டைப்பையில் கிரீன் கார்டு

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: டெக்சாஸில் டாலஸ் நகருக்கு வடக்கே குடியிருக்கிறேன். கிரீன் கார்டு கிடைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்து வீட்டில் திருட்டு நடந்த பிறகு 9 எம்.எம். கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி, மாநில உரிமமும் பெற்று, இடுப்பு உறையில் வெளியே தெரியும்படி அணிந்து வருகிறேன். சென்ற மாதம் ஒரு மளிகைக் கடையில் மேலாளர் என்னை வெளியே போகச் சொன்னார். என்னைப் போலவே துப்பாக்கி அணிந்திருந்த ஒரு வெள்ளையரை எதுவும் கேட்கவில்லை. என் உரிமையைச் சொல்லி வாதிட்டேன், தம்பி அதை வீடியோ எடுத்தான். போலீஸ் வந்து மகளின் கண் முன்னே எனக்கு விலங்கு மாட்டியது. நான் சட்டத்தை மதிப்பவன். அன்று மகளை அழைத்துவரப் போனபோதுகூட, பள்ளிக்குள் துப்பாக்கி கூடாது என்பதால், பள்ளி வாசலில் காரில் இருந்த தம்பியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் என்னோடு தங்கியிருக்கும் அவனுக்கும் ரேஞ்சில் (துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்தில்) முறையாகச் சுடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அரசு வழக்கறிஞர் ஆறு மாத ‘டெஃபர்ட் அட்ஜுடிகேஷன்’ (தீர்ப்பைத் தள்ளிவைத்தல்) தருவதாகச் சொல்கிறார்; எதுவும் பதிவில் நிற்காது, வாங்கிக்கொள் என்கிறார்கள் நண்பர்கள். கடை மீதும் போலீஸ் மீதும் பாகுபாட்டு வழக்குப் போட முடியுமா?

பதில்:

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் மேலாளரின் குரலையும், கையில் விழுந்த விலங்கையும், அந்த வெள்ளையரையும் பற்றியது. அவற்றில் ஒன்றையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் உங்கள் வழக்கு அவற்றில் ஒன்றின் மீதும் நிற்கவில்லை. நீங்கள் அமெரிக்கக் குடிமகன் அல்ல என்பதும், அரசு வழக்கறிஞர் நீட்டும் தாளில் எந்தக் குற்றத்தின் பெயர் இருக்கிறது என்பதும்தான் இங்கே கேள்வி.

உரிமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை உறையில் வெளிப்படையாக அணிய டெக்சாஸ் 2016 ஜனவரியில் அனுமதித்தது. 2021 செப்டம்பர் முதல், வேறு தடை இல்லாத 21 வயது நிரம்பியவர்களுக்கு அந்த உரிமமும் தேவையில்லை. துப்பாக்கி ஏந்தும் தனிமனித உரிமையை ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2008, 2022 தீர்ப்புகளை நீங்கள் மேற்கோள் காட்டியிருப்பதும் சரியே. ஆனால் அவை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமே தவிர, மளிகைக் கடைக்காரரைக் கட்டுப்படுத்தா. டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 30.07 பிரிவு, தன் இடத்துக்குள் வெளிப்படையாகத் துப்பாக்கி அணிந்து வரக்கூடாது என்று சொல்லும் அதிகாரத்தை உரிமையாளருக்கு அளிக்கிறது. வாசலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஓர் அங்குல எழுத்தில் எழுதிய பலகையை மீறி நுழைந்திருந்தால் 200 டாலர் வரை அபராதத்தோடு போயிருக்கும். நேரில் வாயால் சொன்ன பிறகும் வெளியேறாமல் நின்றால் அதே செயல் ஓராண்டுச் சிறையும் 4,000 டாலர் அபராதமும் விதிக்கத்தக்க ஏ வகுப்புக் குற்றமாகிவிடுகிறது. நீங்கள் உங்கள் சாட்சியமாக எண்ணி அனுப்பியிருக்கும் வீடியோவில் மேலாளர் மூன்று முறை “தயவுசெய்து வெளியே போங்கள்” என்கிறார். மூன்று முறையும் நீங்கள் அசையாமல் நின்று அரசியல் சாசனத்தைச் சொல்கிறீர்கள். அரசுத் தரப்பு முதலில் திரையில் போடப்போவது அந்த வீடியோவைத்தான்.

இந்த ஊரில் பிறந்த ஒருவருக்கு இது எரிச்சலூட்டும் சின்ன வழக்கு, அவ்வளவே. உங்களுக்கு அப்படி இல்லை. கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டத்தின்படி, நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட பிறகு எப்போதாவது, எந்தச் சட்டத்தின் கீழாவது, துப்பாக்கியை வாங்கியது, விற்றது, வைத்திருந்தது, பயன்படுத்தியது, எடுத்துச் சென்றது ஆகியவற்றில் ஒன்று சட்டத்துக்கு மாறாக நடந்தது என்று குற்றத் தீர்ப்பு வந்தால், கிரீன் கார்டு உள்ளவரும் நாடுகடத்தத் தக்கவராகிறார். இதற்குக் குறைந்தபட்சத் தண்டனை என்ற வரம்பு கிடையாது. இத்தனை ஆண்டுகளுக்குள் என்ற கெடுவும் கிடையாது. 30.07 பிரிவின் வரையறையிலேயே கைத்துப்பாக்கி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 200 டாலர் அபராதமாகக் குறைத்துக் கொடுத்தாலும், அதே பிரிவில் ஒப்புக்கொண்டால் அபாயம் குறைவதில்லை. தீர்ப்புக்குப் பிறகு வாதாடச் சில நுணுக்கங்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த வாதங்கள் எடுபடுமா என்பதை உங்கள் குடும்பத்தை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. நீண்ட நாள் குடியிருப்பைக் காட்டிக் குடியேற்ற நீதிபதியிடம் நாடுகடத்தலை ரத்து செய்யக் கேட்கும் வழிக்கும் கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். உங்களுக்கு மூன்றுதான் ஆகிறது.

இனி நண்பர்கள் வாங்கிக்கொள்ளச் சொல்லும் அந்த ‘டெஃபர்ட்’. நம்மவர்கள் அதிகம் விழுகிற பள்ளம் இது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்கள், நீதிபதி குற்றவாளி என்று தீர்ப்பெழுதாமல் தள்ளிவைக்கிறார், ஆறு மாதம் கண்காணிப்பில் ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடியாகிறது. டெக்சாஸ் சட்டத்துக்கு அது குற்றத் தீர்ப்பு அல்ல, நண்பர்கள் சொல்வதில் அந்த மட்டில் பிழையில்லை. ஆனால் குடியேற்றச் சட்டம் குற்றத் தீர்ப்பு என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு வரையறை வைத்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால், அல்லது மறுக்காமல் விட்டிருந்தால், அல்லது குற்றம் என்று முடிவுசெய்யப் போதுமான விவரங்களை ஏற்றிருந்தால், அதோடு நீதிபதி ஏதேனும் ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால், அது தீர்ப்புதான். பிறகு வழக்கு தள்ளுபடியானதும், பதிவுக்கு முத்திரை வைத்து மூடியதும் அங்கே கணக்கில் வருவதில்லை.

என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் கையெழுத்திட்டார். கண்காணிப்புக் கட்டணத்தைத் தவறாமல் கட்டி, வகுப்புக்குப் போய், தள்ளுபடி உத்தரவை வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். சில ஆண்டுகள் கழித்துக் குடியுரிமை நேர்காணலுக்கு அந்த உறையோடு, என்னைக் கேட்காமல், பெருமையாகவே போனார். அதிகாரி அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு ஒரு நகல் எடுத்துக்கொண்டார். உறுதிமொழி விழாவுக்கு அழைப்பு வருமென்று காத்திருந்தவருக்கு, குடியேற்ற நீதிமன்றத்தில் ஆஜராகும்படி நோட்டீஸ் வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அன்று அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் திறமையானவர்தான்; குடியேற்றம் பற்றி அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. குற்ற ஒப்புதலால் நாடுகடத்தல் அபாயம் உண்டென்று கட்சிக்காரரிடம் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் படில்லா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் கடமை தவறியதை நிரூபித்துப் பழைய வழக்கைத் திறப்பது பெரும்பாடு. உங்கள் வழக்கறிஞரிடம் இன்றே உங்கள் குடியேற்ற நிலையை எழுத்தில் கொடுங்கள். அவர் குடியேற்றச் சட்டம் அறிந்த இன்னொருவரைக் கலந்து பேசாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

எதைக் கேட்க வேண்டும் என்றால், முதலில் குற்ற ஒப்புதல் இல்லாத ‘ப்ரீ-ட்ரயல் டைவர்ஷன்’, அதாவது விசாரணைக்கு முன்பே சில நிபந்தனைகளை நிறைவேற்றி வழக்கைத் தள்ளுபடி செய்துகொள்ளும் ஏற்பாடு. இதிலும் ஒரு முள் இருக்கிறது: சேரும்போதே குற்றத்தை விவரித்து ஒப்புதல் வாக்குமூலம் எழுதிக் கொடுக்கச் சொல்லும் கவுண்டிகள் (மாவட்டங்கள்) உண்டு. அப்படி ஒரு வாக்குமூலம் நீதிமன்றக் கோப்பில் ஏறி, நீதிபதியின் உத்தரவும் சேர்ந்துகொண்டால் நாம் தப்பிக்க நினைத்த வரையறைக்குள் மறுபடி போய் விழலாம். வாக்குமூலம் வேண்டாம், அதற்கு ஈடாகக் கூடுதல் சேவை நேரமோ கூடுதல் கட்டணமோ ஏற்கிறோம் என்று பேரம் பேசலாம். அது முடியாவிட்டால், வரையறையில் ஆயுதமே இல்லாத வேறொரு சிறு குற்றமாகக் குற்றச்சாட்டை மாற்றக் கேளுங்கள். பொது இடத்தில் அமைதி குலைத்தல் என்ற தலைப்பைக் கேட்டதும் தலையாட்டிவிடாதீர்கள். அந்தப் பிரிவின் உட்பிரிவுகளில் ஒன்று, அச்சுறுத்தும் விதமாகத் துப்பாக்கியைக் காட்டுவது. எந்த உட்பிரிவு என்பதைத் தாளில் கண்ணால் பார்த்துப் படியுங்கள். தண்டனை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை, துப்பாக்கி என்ற சொல் இருக்கக்கூடாது. கைது நடந்தது என்ற உண்மையைக் குடியுரிமை மனுவில் எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும். மறைத்தால் அது தனிக் குற்றம்.

பாகுபாட்டு வழக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். போட முடியும், போடாதீர்கள். நீங்கள் வழக்குத் தொடுத்தால் கடையின் வழக்கறிஞர் உங்களைச் சத்தியப் பிரமாணத்தில் உட்கார வைத்து, அன்று காலை அந்தத் துப்பாக்கி வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் போலீஸ் கைக்குப் போனது வரை ஒவ்வொரு நிமிடமாகக் கேட்பார். அந்த நிமிடங்களில் சில பள்ளி வாசலில், உங்கள் தம்பியின் கையில் கழிந்திருக்கின்றன. வீடியோ எடுத்தவரும் அவரே என்பதால் அடுத்த சாட்சியும் அவரே. கடைப்பக்கம் இனி வருவதில்லை என்று வழக்கறிஞர் மூலம் எழுதிக் கொடுத்து, இழப்பீட்டுக் கோரிக்கை எதுவும் இல்லை என்று சமரசம் செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு இது கசக்கும் என்று தெரியும்.

வழக்கு வேண்டாம் என்று நான் சொல்லக் காரணம் இதுதான்: உங்கள் கடிதத்தில் ஆபத்தான வரி, நீங்கள் சட்டத்தை மதிப்பவர் என்று காட்டுவதற்காக, துப்பாக்கியைத் தம்பியிடம் கொடுத்ததாக எழுதிய அதே வரிதான். குடியேறாதோர் விசாவில் அனுமதிக்கப்பட்டவர், எச்-1பி உட்பட, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி பெருங்குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை சிறை. துப்பாக்கி அவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. கையில் இருந்தால் போதும், ரேஞ்சில் ஒரு மணி நேரம் என்றாலும். அவருடைய விசா நிலை தெரிந்தே கொடுத்தவர் மீதும் தனிக் குற்றச்சாட்டு வைக்க இடமுண்டு. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது இன்னொரு கூட்டாட்சிக் குற்றம். டெக்சாஸ் உரிமம் அதிலிருந்து உங்களைக் காக்கும், உரிமம் இல்லாத தம்பியைக் காக்காது. ரேஞ்சில் சுட்டதற்கெல்லாம் யார் வழக்குப் போடுவார்கள் என்று கேட்பவர்கள் ரெஹைஃப் வழக்கைப் பார்க்கலாம். ஃபுளோரிடாவில் மாணவர் விசாவில் வந்து, மதிப்பெண் குறைந்து பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட பிறகும் தங்கியிருந்த ஒருவர் ரேஞ்சில் சுட்டதில் தொடங்கிய வழக்கு அது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையைத் திருப்பியது. ஆனால் தன் விசா எது என்று தெரியாது என்று உங்கள் தம்பியால் சொல்ல முடியாது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்த விசாத் தடை பொருந்தாது. ஆகவே தம்பியிடம் கேட்க வேண்டியது, அந்தந்த நாளில் அது இருந்ததா என்பதைத்தான். இன்று வாங்குவது நேற்றைச் சரிசெய்யாது. டெக்சாஸின் ஆண்டு வேட்டை உரிமம் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-இல் முடிந்துவிடும். மே மாதம் வாங்கியதை ஓராண்டுக்கு என்று நம்பி, செப்டம்பர் முதல் வார விடுமுறையில் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ப் படம் எடுத்துப் போட்டவரை எனக்குத் தெரியும். உங்கள் தம்பிக்குத் தனி வழக்கறிஞர் வேண்டும், உங்கள் வழக்கறிஞர் போதாது. உங்களைக் காக்கும் வாதம் அவரைச் சிக்க வைக்கக்கூடும். ரேஞ்ச் படங்களையும் வீடியோவையும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அதே சமயம் அழிக்கவும் செய்யாதீர்கள். வழக்கு நடக்கும்போது அழிப்பது சாட்சியத்தைக் கலைத்த குற்றமாகும். எனக்கு எழுதியதைப் போல வேறு யாருக்கும் எழுதவும் வேண்டாம். அடையாளங்களை மாற்றித்தான் இங்கே தந்திருக்கிறேன்.

பொங்கலுக்குச் சென்னை போவதாக எழுதியிருக்கிறீர்கள். வழக்கு முடியும்வரை போகாதீர்கள். ஜாமீன் நிபந்தனை அனுமதித்தாலும், திரும்பி வரும்போது விமான நிலைய அதிகாரியின் திரையில் இந்தக் கைது நிற்கும். முடிந்த பிறகு போகும்போது, ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் முதுகுப்பையில் துணி அடுக்காதீர்கள். பக்கவாட்டுப் பையின் தையலுக்குள் ஒரே ஒரு 9 எம்.எம். தோட்டா தங்கியிருந்தாலும் இந்தியாவில் ஆயுதச் சட்டப்படி வழக்குத்தான். தெரியாமல் வந்தது என்று நிரூபித்துச் சிலர் வெளிவந்திருக்கிறார்கள், ஆனால் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்த பிறகு.

போலீஸ் துப்பாக்கியைத் திருப்பித் தந்தால், தம்பி குடியிருக்கும் அந்த வீட்டில் அதைப் பூட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியின் எண் கிரீன் கார்டு வைத்திருக்கும் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும். தம்பிக்கு அந்த எண் தெரிந்தால், அவர் தொடாவிட்டாலும், துப்பாக்கி அவர் வசம் இருந்ததாக வாதிட அரசுக்கு வழி கிடைத்துவிடும்.